மூன்றில் ஒரு பொய்

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. ஜி.எம். தண்டபாணி ஒருநாள் ஆபீஸ்காரர்களையும் தையல்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு விளையாட்டு வைத்தார். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று சேதி சொல்லணும். அதில் ஒன்று பொய்யாக இருக்கணும். ஜி.எம். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால், சொன்னவர் எல்லார் முன்னாலும் ஆடணும்.

"சைனா, எந்திரிம்மா. உன்ற ஊரு டான்ஸை ரெடி பண்ணிக்க," என்றார்.

சிரித்தோம். நானும்தான்.

மணிப்பூரிலிருந்து வந்து மூன்று வருஷமாக எங்களோடு தைக்கிற பெண் எழுந்து நின்றாள்.

"நீங்க எல்லாரும் இன்னைக்குப் போட்டிருக்கிற டி-ஷர்ட்டுக்குக் கை வெச்சுத் தெச்சது நான்தானுங்க. நான் பொறந்தது சைனாவிலங்க. இங்க ஒருத்தர்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லைங்க."

ஜி.எம். யோசிக்கவே இல்லை. "கடைசிதான் பொய்யி. தெனமும் கூப்பிடறமே?"

"சரிங்க சார். இப்ப ஒருக்கா கூப்பிடுங்க."

ஜி.எம். திரும்பி ஹெச்.ஆர். அம்மாவைப் பார்த்தார். அந்தம்மா எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

அவள் ஆடாமலே உட்கார்ந்தாள்.

கடைசியில் எல்லாருக்கும் பெயர் அச்சடித்த கப் கொடுத்தார்கள். அவளுடையதில் 'சைனா' என்றிருந்தது. மாற்றித் தருகிறேன் என்று ஹெச்.ஆர். அம்மா அவசரமாக வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் புதுக் கப் வந்தது. அதில் பெயரே இல்லை. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் ஆபீஸ் ரிஜிஸ்டரிலும் அவளுக்கு நம்பர்தான் இருந்தது. எந்த முகத்தோடு போய் அவளிடம் பெயர் கேட்பது?

பக்கத்து மிஷினில் உட்காரும் நானும் இன்னும் கேட்கவில்லை.