தாடையப்பர் கடையின் ஒன்பதாவது விதி

சுழலி என்ற நீர்நாய்க்கு ஒரு வாரமாக ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உப்பங்கழியின் தெற்குக் கரையில் அலையாத்தி வேர்களுக்கு நடுவே அவளுக்குச் சொந்தமாக ஒரு மடு இருந்தது. மடு நிறைய மீன். கணவன் ஓடையன், நான்கு குட்டிகள், வயிறாரச் சாப்பாடு. ஆனாலும் காற்று வடக்கிலிருந்து வீசும்போதெல்லாம் அவள் மூக்கைத் தூக்கிக்கொண்டு கரைக்கும் நீருக்கும் அலைந்தாள்.

வடக்குக் கரையில் இருந்தது தாடையப்பரின் மீன் வறுவல் கடை. தாடையப்பர் ஒரு கிழட்டுக் கூழைக்கடாப் பறவை. வந்து நின்றதும் வாழை இலையில் சுடச்சுட வறுத்த மீன் கைக்கு வந்துவிடும். காட்டுப்பன்றிகள், மீன்பிடிப் பூனைகள், நரிகள் எல்லாம் சோழிகளைக் கொடுத்துவிட்டு, நின்றபடியே தின்றுவிட்டுப் போகும். அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், 'நாமும் இப்படி ஒரு கடை வைத்தால் என்ன?' என்று சுழலிக்குத் தோன்றும்.

அவள் மனசில் ஓடியது யார் காதில் விழுந்ததோ, ஒரு காலையில் கருவழகன் வந்து மடுவின் கரையில் இறங்கினான். அவன் நீர்க்காகம். தாடையப்பரின் கிளைக்கடைகளுக்கு ஆள் பிடிப்பது அவன் வேலை.

"அக்கா, உங்களுக்கு யோகம் அடிச்சிருக்கு" என்றான். "உங்க கரை ஆற்றுத்துறையில ஒரு கிளை திறக்க ஐயா முடிவு பண்ணிட்டார். பேரு அவர் பேரு. கைப்பக்குவம் அவர் பக்குவம். கூட்டம் தானா வரும். நீங்க நின்னு வித்தா போதும்."

"நான் என்ன தரணும்?"

"பெரிசா ஒண்ணுமில்ல. சேர்றதுக்கு நூறு சோழி. ஈடா இந்த மடு. மத்ததெல்லாம் ஓலையில இருக்கு." இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு நீண்ட ஓலையை எடுத்து மளமளவென்று படித்தான். மூன்றாவது விதிக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்தது சுழலிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"கடைசியில கீழே நகத்தால ஒரு கீறல் போட்டுடுங்க."

சுழலியின் கை ஓலை வரை போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு குட்டி மடுவுக்குள்ளிருந்து கெண்டையைக் கவ்விக்கொண்டு மேலே வந்தது. அதைப் பார்த்ததும் அவள் கை தயங்கியது.

"ஓலையைக் கொடுத்துட்டுப் போ. படிச்சுட்டுச் சொல்றேன்."

கருவழகனுக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாரும் இங்கேயே கீறிடுவாங்க அக்கா. ஐயாவுக்குக் காத்திருக்கிற பழக்கம் கிடையாது."

"மடு என்னுது. நான் படிச்சுட்டுத்தான் கீறுவேன்."

"நாளைக்கு அமாவாசை. நாளைக்கு உச்சிவேளைக்குள்ள பதில் வரணும். இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அவன் பறந்தான்.

சுழலி ஓலையை மூன்று தடவை படித்தாள். ஓடையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கடை நடக்காமப் போனா மடு போயிடுமா?" என்று கேட்டான்.

"நடக்கும்னுதான் தோணுது."

"தோணுறதை வச்சு மடுவைக் கொடுக்க முடியுமா? ஏற்கெனவே எடுத்தவங்க யாரையாவது கேட்டுப் பாரேன்."

அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. ஓலையைக் கவ்விக்கொண்டு நீரில் பாய்ந்தாள். முதலில் வடக்குக் கரைக்குத்தான் போனாள். கடையில் கூட்டம் அலைமோதியது. மணம் ஆளைத் தூக்கியது. இப்போதே கீறிவிடலாமா என்று மனம் பரபரத்தது. ஆனால் கல்லாவில் தாடையப்பரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஒரு விஷயம் உறைத்தது. இது அவருடைய சொந்தக் கடை. இவர் யாருக்கும் பங்கு தரவேண்டியதில்லை. இவர் கடை ஓடுவதை வைத்து என் கடை ஓடும் என்று எப்படிச் சொல்வது?

கிழக்கே உப்பளத்து மேட்டில் ஒரு கிளை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அதைக் கோரையன் என்ற கீரி நடத்தி வந்தான். சுழலி அங்கே நீந்தினாள்.

கோரையன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். "கண்ணை மூடிக்கிட்டுச் சேரு தங்கச்சி. அருமையான யாவாரம். ராசா மாதிரி இருக்கேன்."

"சந்தோஷம் அண்ணே. இன்னிக்கு முழுக்க இங்கேயே இருந்து பார்த்துட்டுப் போகலாமா?"

கோரையனின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சுழலி அடுப்பு ஓரமாக உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று பேர்தான். அடிக்கொரு தரம் எழுந்து கூடையை எட்டிப் பார்த்தாள், சட்டியை முகர்ந்தாள், வருகிறவர்களை எண்ணினாள்.

வெயில் ஏறியதும் தலைமைக் கடையிலிருந்து மீன் கூடை வந்தது. பாதி மீன் நல்ல மீன். மீதி அமுக்கினால் குழிந்தது. கோரையன் குழிந்ததையெல்லாம் பொறுக்கிப் பின்னால் கொட்டினான்.

"திருப்பி அனுப்பலையா அண்ணே?"

"கூடை அங்கேருந்து கிளம்பிட்டா நம்ம பொறுப்பு. ஆறாவது விதி."

"பின்னால கால்வாயில துள்ளத்துள்ள மீன் ஓடுதே. அதைப் பிடிச்சு வறுக்கக் கூடாதா?"

"கூடாது. மீன், எண்ணெய், மசாலா எல்லாம் அவர்கிட்டதான் வாங்கணும். நாலாவது விதி."

உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நரியும் இரண்டு கொக்குகளும் வந்ததோடு சரி. ஆனாலும் அடுப்பை அணைக்கக் கூடாதாம், அதற்கும் ஒரு விதி இருந்தது. கோரையனின் மனைவி வளையிலிருந்து கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். சுழலி எட்டிப் பார்த்தாள். மீன் இல்லை. இலையில் ஒரு கை ஈசல் இருந்தது.

மழை விட்ட பிறகு சுழலி ஈர மணலில் குந்தினாள். அன்றைக்கு வந்த சோழிகள் இருபது. அதை அவள் நான்கு குவியலாகப் பிரிக்கப் பார்த்தாள். மீன் கூடைக்குப் பன்னிரண்டு. எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் ஐந்து. விற்றதில் பத்துக்கு இரண்டு என்று தாடையப்பரின் பங்கு நான்கு. அந்த மூன்றாவது குவியலுக்கே ஒரு சோழி குறைந்தது. நான்காவதாகக் கோரையனுக்கென்று வைக்க ஒன்றுமே இல்லை.

"அண்ணே, லாபத்துல பங்குன்னு நினைச்சேன். இது வித்ததுலயே பங்கு. உங்களுக்கு மிஞ்சினாலும் மிஞ்சாட்டியும் அவருக்குப் போகுது."

கோரையன் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"குறையுற சோழிக்கு என்ன பண்றீங்க?"

"வளையை ஈடு வச்சிருக்கேன்ல. அதுல ரெண்டு அறை போயிடுச்சு. இப்ப அவரோட எண்ணெய்ச் சட்டியெல்லாம் அங்கதான் அடுக்கியிருக்கு. பிள்ளைங்க வாசல்ல படுக்குது."

"அப்புறம் ஏன் என்னைச் சேரச் சொன்னீங்க?"

கோரையன் தலையைத் தூக்கவில்லை. "புதுசா ஒரு ஆளைச் சேர்த்துவிட்டா ஒரு மாசப் பங்கு தள்ளுபடி. வேற எந்த வழியும் தெரியல தங்கச்சி. உன் மடுவைப் பத்தி யோசிக்கிற நிலைமையில நான் இல்ல."

சுழலிக்கு ஆத்திரம் பொங்கியது. எழுந்து விறுவிறுவென்று நீர் ஓரம் வரை போனாள். நான்கு குட்டிகளும் கண்முன் வந்தன. போய்விடலாம் என்றுதான் கால் வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது கோரையன் அந்த ஈசல் இலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பி வந்தாள்.

"விட்டுட்டு வெளியே வர வேண்டியதுதானே?"

"வழி இல்ல."

"ஓலையைப் படிச்சீங்களா?"

"கருவழகன் படிச்சான். நான் கேட்டேன்."

சுழலி தன் ஓலையை விரித்தாள். "நீங்க சொன்ன விதியெல்லாம் இதுலயும் அப்படியே இருக்கு. ஒன்பதாவது விதியைக் கேளுங்க. 'ஐந்து மழைக்காலம் முடியும் ஐப்பசி அமாவாசையன்று, நீரேற்றம் தலைமைக் கடையின் கம்பத்தைத் தொடுமுன், கிளைக்காரர் தாமே வந்து விலகல் ஓலையைக் கடையில் சேர்த்தால், மிஞ்சிய ஈடு திரும்பும். தவறினால் மேலும் ஐந்து மழைக்காலம் தொடரும்.' நீங்க எப்பச் சேர்ந்தீங்க?"

கோரையன் விரல்களை மடக்கினான். "பெருவெள்ளம் வந்த வருசம். அதுக்கப்புறம்..." அவன் விரல்கள் ஐந்தில் நின்றன. "அஞ்சு மழைக்காலம் இந்த ஐப்பசியோட முடியுது. அமாவாசை நாளைக்குத்தானே?"

"நாளைக்குத்தான்."

மறுநாள் விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். வழக்கமாகக் கடந்து போகும் மணல்திட்டு மழையில் மூழ்கிக் கிடந்தது. கீரிக்கு அவ்வளவு தூரம் நீந்த முடியாது. சுழலி அவனை முதுகில் ஏற்றிக்கொண்டாள். அவன் பற்களுக்கிடையில் முந்தின இரவே எழுதி முடித்த விலகல் ஓலை இருந்தது. எதிர்நீச்சல். நீரேற்றம் தொடங்கி, கழியில் தண்ணீர் உயர்ந்துகொண்டிருந்தது. நடுவழியில் ஒரு நீர்க்காகம் அவர்களை வட்டமடித்துப் பார்த்துவிட்டு வடக்கே விரைந்தது.

"கருவழகன்தான்" என்றாள் சுழலி. "கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

அவர்கள் கரையேறியபோது கல்லாவில் யாரும் இல்லை. தாடையப்பர் கழியின் நடுவே, கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தில் மிதந்துகொண்டிருந்தார். கருவழகன் மட்டும் கூரையில் உட்கார்ந்து இறக்கையை உலர்த்தினான்.

"ஐயா வர மதியம் ஆகும்" என்றான்.

கம்பத்துக்கும் நீருக்கும் இரண்டு முழம்தான் இருந்தது. கோரையன், "அவ்வளவுதான். இன்னும் அஞ்சு வருசம்" என்று மணலில் உட்கார்ந்துவிட்டான்.

சுழலியால் நிற்க முடியவில்லை. கம்பத்துக்கும் கல்லாவுக்குமாக நடந்தாள். ஒன்பதாவது விதியை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சட்டென்று நின்றாள்.

"அண்ணே, 'கடையில் சேர்த்தால்'னுதான் இருக்கு. 'கையில்'னு இல்லவே இல்ல. ஓலையைக் கம்பத்துல குத்துங்க. உங்க கையாலேயே."

கோரையன் பாய்ந்து எழுந்து மீன்முள்ளால் ஓலையைக் கம்பத்தில் குத்தினான். வரிசையில் நின்ற காட்டுப்பன்றிகளையும் பூனைகளையும் பார்த்து சுழலி குரல் கொடுத்தாள். "எல்லாரும் பார்த்துக்குங்க. ஓலை கடைக்கு வந்துடுச்சு. தண்ணி இன்னும் கம்பத்தைத் தொடல."

பன்றிகள் நீரைப் பார்த்தன, ஓலையைப் பார்த்தன. "ஆமாம், தொடல" என்றது ஒரு கிழப்பன்றி. கொஞ்ச நேரம் கழித்து அலை வந்து கம்பத்தின் அடியை நனைத்தது.

தாடையப்பர் திரும்பி வந்தார். ஓலையைப் பார்த்ததும் அவர் தாடைப்பை ஆடியது. "என் கையில யாரும் எதுவும் தரலையே."

"உங்க ஓலையில கடையில்னுதான் ஐயா இருக்கு. எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் படிக்கட்டுமா?" என்றாள் சுழலி.

வரிசை முழுவதும் அவரையே பார்த்தது. வறுவலுக்கு நின்றவர்கள் வேறு என்னென்ன விதிகளைக் கேட்க நேருமோ என்று அவர் யோசித்திருக்க வேண்டும். "வளை திரும்பும்" என்றார். "போன ரெண்டு அறை போனதுதான். ஒரு வருசத்துக்கு இந்தக் கழியில அவன் அடுப்பு மூட்டக் கூடாது. அதுவும் ஓலையில இருக்கு." பிறகு சுழலியிடம் திரும்பினார். "உன் பதில் என்ன?"

"மூணு விஷயம் மாத்துவீங்களா ஐயா? கெட்ட மீனைத் திருப்பி எடுத்துக்கணும். பங்கை மிஞ்சினதுல வாங்கணும். மடுவை ஈடு கேக்கக் கூடாது."

"ஒரு எழுத்தும் மாறாது."

"அப்ப எனக்கு வேண்டாம்." அவள் கீறல் படாத ஓலையைக் கல்லாவில் வைத்தாள். அத்தனை நாள் ஆசைப்பட்ட கடையின் மணம் அப்போதும் மூக்கில் ஏறத்தான் செய்தது. ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் நீரில் இறங்கினாள்.

கோரையனின் பிள்ளைகள் அன்று வளைக்குள் படுத்தார்கள். நெருக்கியடித்துக்கொண்டு படுக்கவேண்டியிருந்தது. பிழைப்புக்குக் கோரையன் மறுபடி எலி வேட்டைக்குப் போனான்.

சுழலி தன் மடுவில் பிடித்த பச்சை மீனை ஆற்றுத்துறையில் வைத்து விற்றாள். முதல் நாள் ஏழு மீன்தான் போயிற்று. கூட்டம் கூடவில்லை, பேரும் பரவவில்லை. அவள் கரைக்கும் நீருக்கும் அலைவதை நிறுத்தவுமில்லை. ஆனால் விற்ற சோழி ஏழும் வீட்டுக்கு வந்தது. மழை பெய்த நாளில் கடையை மூடிவிட்டுக் குட்டிகளோடு விளையாடினாள்.

அடுத்த மாதம் கருவழகன் மேற்குக் கரை முள்ளம்பன்றியிடம் போய் யோகத்தைப் பற்றிப் பேசினான். முள்ளம்பன்றி, "ஓலையை வச்சுட்டுப் போங்க. உப்பளத்து மேட்டுல ஒரு கீரி இருக்காராம். அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றது.

பிறர் பெயரில் தொழில் தொடங்க நினைப்பவர், அதில் என்ன கிடைக்கும் என்பதோடு நஷ்டம் யார் தலையில் விழும், வெளியே வர வழி எது என்பதையும் தாமே படித்து, அனுபவப்பட்டவரிடம் கேட்டறிந்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.