பொட்டு வைத்த கிரைண்டர்

இட்லிக்கடை மாடத்தி ஆசையாக வாங்கிய கிரைண்டர், செல்போனில் சொன்னால் சுற்றும் ரகம். ஆயுத பூஜைக்கு மறுநாள் அது எந்தச் சொல்லுக்கும் அசையவில்லை. மாவு இல்லாவிட்டால் விடிந்ததும் கடை திறக்க முடியாது. ஆட்டோவில் ஏற்றி, வாங்கிய ஷோரூமுக்கே கொண்டுபோனாள்.

டை கட்டிய மேனேஜர் ஹரிஹரசுதன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சந்தனம், குங்குமமெல்லாம் அப்பியிருக்கே. உள்ள சென்சார் போயிருக்கும். வாரண்டி கிடையாது, எடுத்துட்டுப் போம்மா."

"பூஜைக்கு ஒரு பொட்டுதானே சார் வச்சேன்?"

"ஒண்ணோ ஒம்பதோ, பொட்டு வச்சா வாரண்டி போச்சு. எந்தப் பொருளா இருந்தாலும் இதான் ரூல்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார், காது மந்தம்."

அவர் கடையே அதிரச் சொன்னார்.

மாடத்தி தலையாட்டிவிட்டு, ஃப்ரிட்ஜுக்கு பில் போட நின்றவரிடம் போனாள். "அண்ணாச்சி, அதை வாங்காதீய. நேத்து பூஜையில கடைக்காரவுகளே பொட்டு வச்சிருக்காவ, பாருங்க. அந்தா, அந்த டிவிக்கும் வச்சிருக்கு. எல்லாத்துக்கும் வாரண்டி போச்சாம். சார்தான் சொல்லுதாரு."

வரிசையில் நின்றவர்கள் அத்தனைபேரும் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்கள். இருவர் கையிலிருந்த பணத்தைப் பைக்குள் வைத்தார்கள்.

மேனேஜர் குடோனிலிருந்து புதுக் கிரைண்டரைத் தானே தூக்கிவந்து ஆட்டோவில் ஏற்றினார்.

"தாயே, நீங்க முதல்ல கிளம்புங்க" என்றார்.