சந்தையில் விற்ற பேர்

"எவனோ ஒரு களவாணிப் பய நம்ம ஆண்டவர் பேரைச் சந்தையில வித்துத் தின்னுட்டுப் போயிட்டான், அம்மா! அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

மாட்டுத் தரகர் மாசிலாமணி வேதக்கோயில் வாசலில் நின்று கத்தினார். கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்து போயின.

அடியும் மிதியும் பட்டே தொழில் படித்த மனுஷன். போன ஈஸ்டருக்குத்தான் ஞானஸ்நானம் எடுத்திருந்தார். கொடுத்தவர் போதகர் ரூபவதி. வயதில் மகள் மாதிரி. ஆனாலும் குரு குருதான் என்பது மாசிலாமணியின் கட்சி.

"என்ன நடந்தது, அண்ணாச்சி?"

"துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசிட்டிருக்கேன். வாங்க வந்தவன் உழவுக்குப் பழகின மாடுதானான்னு கேட்டான். ஆமான்னேன். நிசமாவான்னான். நான் வேதக்காரன், பொய் சொல்ல மாட்டேன்னேன். சந்தையே சிரிக்கி! 'என்ன வே, இயேசு சாட்சியா?'ன்னு ஒருத்தன் கேக்கான். அங்க பொய்க்கே இப்ப அதுதான் பேராம், அம்மா."

ரூபவதி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இந்தப் பேச்சு எந்த வீட்டுல பிறந்துச்சு?" என்று சந்தை வாசலில் போய் விசாரித்தார்.

டீக்கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். "ஓடைக்கு அந்தப் பக்கம், உலகம்மா வீடு. போய்க் கேளுங்க. வாரியக்கட்டையால அடிக்க வந்தா நான் பொறுப்பில்ல."

உலகம்மாள் புருஷனை இழந்தவள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. தொழுவத்தில் ஒரு செவலைப் பசு நின்றது. மடி வீங்கி, தொட்டால் வெடிக்கும்போலச் சிவந்திருந்தது.

"சந்தையில வாங்கினது," என்றாள் அவள். "'பச்சப்பிள்ளகூடக் கறக்கலாம், இயேசு சாட்சி'ன்னான் வித்தவன். சாமி பேரைச் சொல்லி எவனாவது பொய் சொல்லுவானான்னு நம்பிட்டேன். கிட்டப் போனாலே உதைக்கி. கன்னுக்குட்டி செத்துப் போச்சு. கறவைக்காரரு இந்தப் பக்கமே வர மாட்டேங்காரு. இன்னைக்குக் கறக்கலன்னா மடி கெட்டுப்போகும்னு மாட்டு டாக்டரு சொல்லிட்டாரு. எனக்குக் கஞ்சி ஊத்துறதுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"வேற ஆளுக்குத் தள்ளிவிட வேண்டியதுதானே?" என்றார் மாசிலாமணி. தரகர் புத்தி.

"என்ன சொல்லித் தள்ளிவிட? நானும் சாட்சி வைக்கவா?"

மாசிலாமணிக்கு முகம் சுண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அவன் பேரைச் சொல்லு, தாயி. முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வாரேன்."

"அவன் பேரு யாருக்குத் தெரியும்? அவன் சொன்ன பேருதான் தெரியும்."

சந்தையில் பத்து வாயை ஒரு வாயால் அடைக்கிறவர் மாசிலாமணி. இப்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ரூபவதி சேலையை இழுத்துச் செருகினார். செம்பை எடுத்துக்கொண்டு பசுவின் பக்கத்தில் குத்தவைத்தார்.

"அம்மா, வேண்டாம்! காலையாவது கட்டிக்கிடுவோம்."

"வலியில நிக்கி, அண்ணாச்சி. கட்டுனா இன்னும் மிரளும்."

முதல் உதையில் செம்பு எகிறிப் போய்ச் சுவரில் மோதியது. அவர் எழுந்து எடுத்து வந்து மறுபடி உட்கார்ந்தார். அடுத்த உதை தோளில் விழுந்தது. சாணியில் சரிந்தார். வெள்ளைச் சேலை பாழ். மாசிலாமணி பாய்ந்து தூக்கப் போனார். ரூபவதி கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

உலகம்மாள் பதறிப்போனாள். "எம்மா, நீயா வித்தே? நீ எதுக்கு உதைபடுதே?"

"அவன் சொன்ன பேருக்காரி நான்."

ரூபவதி உள்ளங்கையைப் பசுவின் வயிற்றில் வைத்தார். எடுக்கவே இல்லை. பசுவின் தோல் அலை அலையாகச் சிலிர்த்தது. காலைத் தூக்கியது. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லத் தரைக்கு வந்தது.

செம்பில் பால் விழும் சத்தம் கேட்டது. சீழும் ரத்தமும் கலந்த பால். ஓசை மட்டும் சுத்தமாக இருந்தது.

எத்தனையோ மாட்டைக் கை மாற்றியவர் மாசிலாமணி. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தோளில் கிடந்த துண்டு எப்போது இடுப்புக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. உலகம்மாள் மாவுக்கட்டுக் கையோடு மறு கையைச் சேர்த்திருந்தாள். எந்தச் சாமியைக் கும்பிட்டாளோ.

பாதி மடி வற்றியபோது ரூபவதியின் கை சோர்ந்து தொங்கிவிட்டது. தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மாசிலாமணி கிட்டே வந்தார்.

"அம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊர் ஊராத் தேடி அந்தப் பயலைப் பிடிச்சுட்டு வாரேன். இந்தத் தாயி கால்ல அவன் விழணும். அப்பத்தான் நம்ம ஆண்டவர் பேரு துலங்கும்."

ரூபவதி செம்பை அவரிடம் நீட்டினார்.

"அவன் வாரது வரைக்கும் இந்த மடி தாங்காது, அண்ணாச்சி. அந்தப் பேரை வச்சிருக்கிற யாராவது ஒருத்தர் இப்பவே சரி பண்ணியாகணும். உட்காருங்க."