என் சத்தத்தைக் கொஞ்சம் ஏத்துங்க

"டீச்சர், இனிமே நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றார் பெனடிக்ட்.

செண்பகம் சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். சிஷ்யரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டிச் சலித்துப்போன பெனடிக்ட், ஒலிப்பதிவு படிக்கவென்று தலை நரைத்தபிறகு அவளிடம் வந்து சேர்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"காலையிலேருந்து ஒரே பாட்டு. ஆளுக்கொரு மைக், டிரம்ஸுக்கு மட்டும் நாலு. எல்லாம் கம்ப்யூட்டர்ல தனித்தனியா அழகா விழுது. ஆனா ஹெட்போன்ல 'என் சத்தத்தைக் கொஞ்சம் ஏத்துங்க'ங்கா பாடுற ரோசலின். ஏத்தினேன். உடனே டிரம்ஸ் வாசிக்கிற இசக்கி, 'எனக்கும் ஏத்துங்க'ங்கான். அவனுக்கும் ஏத்தினேன். அப்புறம் கிட்டார்காரன். மறுபடியும் ரோசலின். இனி ஏத்த இடமில்ல டீச்சர். என் மண்டைதான் வெடிக்கணும்."

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இசக்கி தன் குரலை அமுக்குகிறான் என்று ரோசலினுக்குக் கோபம். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், இப்போது முகம் பார்த்துப் பேசுவதில்லை. இன்றைக்கு இந்தப் பாட்டு சரியாக வராவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவோம் என்று வந்ததுமே சொல்லிவிட்டார்கள். அந்தப் பாவம் தன் தலையில் வந்து விழப்போகிறதே என்று பெனடிக்டுக்கு அழுகையே வந்தது.

செண்பகம் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

ரோசலினுடைய ஹெட்போனிலிருந்து ரோசலின் குரலையே எடுத்துவிட்டாள். இசக்கி ஹெட்போனிலிருந்து டிரம்ஸை எடுத்தாள். கிட்டார்காரனுக்குக் கிட்டாரை எடுத்தாள்.

"ஐயோ டீச்சர், அடிக்க வந்துருவாங்க!"

அதற்குள் உள்ளேயிருந்து ரோசலின் கத்தினாள். "என் குரல் எனக்குக் கேக்கவே இல்லையே!"

"மத்தவங்க சத்தம் கேக்குதா?" என்றாள் செண்பகம்.

"கேக்குது."

"அப்போ பாடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஆரம்பித்தார்கள். இசக்கி முதலில் வழக்கம்போல வெளுத்து வாங்கினான். பல்லவி முடிவதற்குள் அவன் கை தானாகத் தணிந்தது. சுவரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்த ரோசலின் மெல்லத் திரும்பினாள்.

பெனடிக்ட் தலைவலியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது. யாரும் எதையும் ஏற்றச் சொல்லவில்லை.

அப்போதுதான் திரையைப் பார்த்தார். கேட்கிற சுவாரஸ்யத்தில் பதிவு பட்டனை அமுக்கவே மறந்திருந்தார்.

"டீச்சர்..."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க." உள்ளே இருப்பவர்களோடு பேசுகிற மைக்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மன்னிச்சிடுங்க பிள்ளைங்களா. பதிவாகல. நான்தான் மறந்துட்டேன்."

திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார். திட்டு வரவில்லை.

உள்ளே ரோசலின் ஹெட்போனைக் கழற்றிவிட்டு இசக்கியைப் பார்த்தாள்.

"ரெண்டாவது சரணத்துல, நான் மூச்சு எடுக்கிற இடத்துல நீ அடிக்காம நிறுத்துறியே. எப்பலேருந்து?"

"முதல் நாள்லேருந்து" என்றான் இசக்கி.