தும்பையின் வெளுத்த கால்

உடைத்தால்தான் கதவு திறக்கும் வீடு. உள்ளே ஒரு சொட்டு வெயில். அது என்ன?

முட்டை! சரியாகச் சொன்னீர்கள். அந்த முட்டைக்காகத்தான் குளக்கரையில் இருந்த மாடசாமியின் கோழிப்பண்ணையில் ஒரு குழப்பம் நடந்தது.

அங்கே மூன்று இனக் கோழிகள் இருந்தன. கருங்கோழிகளின் தலைவி அஞ்சனம். சண்டைக்கோழிகளின் தலைவி வீராயி. வெள்ளை லெகான் இனத்தில் தும்பையும் அதன் இரண்டு தங்கைகளுமாக மூன்றே பேர். பண்ணையில் இடம் போதவில்லை. அந்த மூன்று வெள்ளைக் கோழிகளும் விற்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு அனுப்பிவிடுவதாக மாடசாமி சொல்லியிருந்தார்.

ஒருநாள் வேலியில் இருந்த அணில் கத்தியது. “சேதி கேட்டீர்களா! நாளைக் காலை கயற்கண்ணி என்ற சிறுமி வருகிறாள். வீட்டுக் கொல்லையில் முட்டைக்காக வளர்க்க ஒரே இனத்தில் மூன்று கோழி வேண்டுமாம்!”

“எங்களைத்தான் எடுப்பாள்!” என்றது தும்பை.

“உன்னையா?” என்று சிரித்தது அஞ்சனம். “உன் காலைப் பாரடி! சுண்ணாம்புக் குச்சி!”

“வாலைப் பார், தேய்ந்த துடைப்பம்!” என்றது வீராயி.

“எங்கள் இனத்துக்குக் கால் மஞ்சள்தான், அக்கா. முட்டை இட இட வெளுத்துவிட்டது.”

“வருகிறவளிடம் இந்தக் கதையெல்லாம் சொல்லப் போகிறாயா? கண்ணுக்கு அழகுதானே முதலில் தெரியும்!” என்றது அஞ்சனம்.

தும்பை தன் வெளுத்த காலை மறைக்க முடிவு செய்தது. விடிந்ததும் குளத்தில் காலை நனைத்தது. முற்றத்துப் பாயில் உலர்ந்துகொண்டிருந்த மஞ்சள்தூளில் ஏறி நன்றாக மிதித்தது. தங்கைகளும் அப்படியே செய்தன. கால் பளபளவென்று மஞ்சளாகிவிட்டது!

கயற்கண்ணி அப்பாவோடு வந்தாள். அஞ்சனம் ஒய்யாரமாக முன்னே நடந்தது.

“இதையே வாங்கிக்கலாமா, கயலு?” என்றார் அப்பா.

“மாசத்துக்கு எத்தனை முட்டை இடும், மாமா?”

“எட்டோ பத்தோ. அப்புறம் அடைக்கு உட்கார்ந்துடும்” என்றார் மாடசாமி.

அதற்குள் வீராயி பக்கத்துக் கோழியின் கொண்டையைக் கொத்தியது.

“ஐயோ, நம்ம கொல்லை சின்னது, அப்பா. இது தினமும் மல்லுக்கு நிற்கும்!”

கடைசியில் தும்பையிடம் வந்து குந்தினாள். காலை உற்றுப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“இதுவும் வேண்டாம். நிறைய முட்டை இட்டால் லெகானுக்குக் கால் வெளுத்துடும். கால்ல இருக்கிற மஞ்சள் முட்டைக் கருவுக்குப் போயிடுமாம். பள்ளிக்கூடத்துக்கு வந்த கால்நடை டாக்டர் சொன்னாங்க. இதுக்குக் கால் இவ்வளவு மஞ்சளா இருக்கே! முட்டையே இடாது போல.”

தும்பைக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதை மறைத்தால் பிழைக்கலாம் என்று நினைத்ததோ, அதைத்தான் இவள் தேடி வந்திருக்கிறாள்! ஒரே ஓட்டமாகக் குளத்துக்கு ஓடியது. தண்ணீரில் நின்று காலைப் பரபரவென்று மணலில் பிறாண்டியது.

“வெட்கமில்லையா? வெளுத்த காலை ஊருக்கே காட்டுகிறாயே!” என்று கூவியது அஞ்சனம்.

“காட்டுகிறேன், அக்கா! அது நான் இட்ட முட்டைகளின் அடையாளம்!”

மனிதர் காதில் அது வெறும் கொக்கரிப்பாகத்தான் விழுந்தது. ஆனால் கயற்கண்ணி என்னவோ ஏதோ என்று பின்னாலேயே ஓடினாள்.

“அப்பா, கோழிக்காலில் சாயம் போகுது!”

தும்பையைத் தூக்கிக் காலைக் கட்டைவிரலால் தேய்த்தாள். விரலை மோந்து பார்த்தாள். “மஞ்சள்தூள்!” அடியில் கால் வெள்ளை வெளேரென்று இருந்தது.

உழைப்பு நம் உடம்பில் விட்ட அடையாளத்தை அழகுக்காக மறைத்தால், நாம் உழைத்ததே பிறருக்குத் தெரியாமல் போகும்.

கயற்கண்ணி மூன்று வெள்ளைக் கோழிகளையும் எடுத்துக்கொண்டாள்.