கூடையில மொத ஆளு

ஒரு ஊர்ல ஒரு ஆவுடையம்மா இருந்தாளாம். ஆளுங்கள வச்சு கிணறு வெட்டுறதுதான் அவ தொழிலு. ஏன், பொம்பள கிணறு வெட்டக்கூடாதோ? சிரிக்காத ராசா. ம் கொட்டு, இல்லன்னா நிப்பாட்டிருவேன்.

அவகிட்ட கொம்பையான்னு ஒருத்தன் புதுசா வேலைக்கு வந்தான். நல்ல உழைப்பாளி, ஆனா பயந்தவன். ஏன் பயம்? முன்னால வேற ஒரு மேஸ்திரிகிட்ட இருந்தப்போ, நைஞ்ச வடத்துல இவன் அண்ணனக் கிணத்துக்குள்ள இறக்கிட்டாங்க. வடம் பொட்டுனு அத்துப்போச்சு. அண்ணன் இடுப்பொடிஞ்சு படுக்கையில விழுந்துட்டான். அந்த மேஸ்திரி ஒரு எட்டு வந்து பாக்கலையே, பாவிப்பய!

அதனால மொத நாளு, வடத்துல கட்டி இறக்குற கூடையில ஏறச் சொன்னா கொம்பையா ஏற மாட்டேங்கான். கை காலெல்லாம் வெடவெடன்னு நடுங்குது. மத்தவங்க கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. ஆவுடையம்மா சிரிக்கலை. சேலையத் தூக்கிச் சொருகிட்டு தானே கூடையில ஏறி உக்காந்தா.

"ஏலே, மொதல்ல நான் போயிட்டு வாரேன். என்னையத் தாங்குச்சுன்னா உன்னையும் தாங்கும்."

கடகடகடன்னு உருளை சுத்துச்சு. உள்ள போனா, சுவரத் தட்டிப் பாத்தா, மேல வந்தா. அப்புறம்தான் கொம்பையா இறங்கினான். அன்னையிலருந்து அதுவே வழக்கமாப் போச்சு. எந்தக் கிணறானாலும் காலையில கூடையில மொத ஆளு ஆவுடையம்மாதான். எவனுக்காச்சும் காய்ச்சல்னா வீட்டுக்கே கஞ்சி கொண்டு போவா. கொம்பையா அண்ணனுக்கும் அவதான் வைத்தியரக் கூட்டிட்டுப் போனா.

ம்? முழிச்சிருக்கியா? இனிமேதான் இருக்கு.

ஒரு நாளு, ஆழமான கிணறு. முந்தின நாளு நல்ல மழை வேற. "மண்ணு ஈரமா இருக்கு, இன்னைக்கு வேண்டாம் ஆத்தா"ன்னான் கொம்பையா.

"அதுக்குத்தாம்லே நான் மொதல்ல போறேன்."

அடியில கால வச்சாளோ இல்லையோ, தொபுக்கடீர்! சுவர் சரிஞ்சு விழுந்து, முழங்கால் வரைக்கும் மண்ணு மூடிருச்சு. சரிஞ்ச எடத்துல ஊத்து பொத்துக்கிட்டு குபுகுபுன்னு தண்ணி ஏறுது. ஆவுடையம்மா வடத்தக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.

"இழுங்கலே!"ன்னு கத்தினான் கொம்பையா. எல்லாரும் இழுத்தாங்க. அப்போ மடார்! உருளை மாட்டுன மரம் முறிஞ்சுபோச்சு. இனி வெறுங்கைதான். வடம் சர்ருனு வழுக்குது, உள்ளங்கைத் தோலு உரியுது, ரத்தம் சொட்டுது. எவனும் விடலை.

அப்புறம் காலுக்குக் கீழ தரையே விரிசல் விட்டுச்சு. கிணறு வெட்டச் சொன்ன தோட்டத்துக்காரர் தூர நின்னு கத்துறாரு: "விட்டுட்டு ஓடியாங்கடா, நீங்களும் உள்ள போயிருவீங்க!"

அவரு கெடக்காரு. உள்ளருந்து ஆவுடையம்மாவே கத்துறா! தண்ணி அவ கழுத்துக்கு வந்துட்டு. "ஏலே, வடத்த விட்டுருங்கலே! புள்ளகுட்டிக்காரங்க, ஓடுங்கலே!"

கொம்பையா மனசுல இதுதான் ஓடுச்சு: என் பயத்தப் போக்கத்தானே இவ இறங்க ஆரம்பிச்சா? வடத்தத் தன் இடுப்புலயே சுத்திக்கிட்டான். குதிங்கால மண்ணுல ஊனினான்.

"விட மாட்டோம் ஆத்தா! இழுங்கலே, ஐலசா!"

சளக்குனு சேத்துலருந்து காலு வந்துருச்சு. தலை தெரிஞ்சுது, கை தெரிஞ்சுது. அவள அள்ளித் தூக்கிட்டு ஓடுனாங்க பாரு, பின்னாலயே அவங்க நின்ன தரை மடமடன்னு கிணத்துக்குள்ள போயிருச்சு. யப்பா!

மூச்சு வந்ததும் ஆவுடையம்மா என்ன பண்ணினா? ஏசினா! "சொன்ன பேச்சக் கேக்காத ஆளுங்க எனக்கு எதுக்குலே?"

"நாங்க உள்ள கெடந்தா நீ விட்டிருப்பியா ஆத்தா?"ன்னு கேட்டான் கொம்பையா.

ஆவுடையம்மா முந்தானையக் கிழிச்சு அவன் கையில கட்டினா, அழுதுக்கிட்டே.

ம்... ம் சொல்லு ராசா, முடியப்போகுது.

கைப்புண்ணு ஆறினதும் வேற ஒரு கிணறு. புது மரம், புது வடம். ஆவுடையம்மா சேலையச் சொருகிட்டு வாரா, கூடையில யாரோ உக்காந்திருக்கான். யாரு? வெடவெடன்னு நடுங்கினானே, அதே கொம்பையா!

"எறங்குலே. மொத ஆளு நான்தான்."

"இனிமே நாந்தான் ஆத்தா. நீ வடத்தப் பிடி."

ஆவுடையம்மா கூடையோட முடிச்ச ஒரு தடவை இழுத்துப் பாத்தா. அப்புறம் ரெண்டு கையாலயும் வடத்த இறுக்கிப் பிடிச்சா. கடகடகடன்னு கூடை இறங்குச்சு.

கிணத்துல தண்ணி வந்தாச்சு, ராசா கண்ணுல தூக்கம் வந்தாச்சு. கதை அம்புட்டுதான், தூங்கு.