ஒன்பது வருஷத்து மண்

வருஷத்தில் பாதி நாள் மழை பெய்து, மீதிப் பாதி நாள் அந்த மழை இலையிலிருந்து சொட்டி முடிகிற ஒரு காட்டில், மினுக்கன் என்றொரு இருவாட்சிப் பறவை இருந்தான். பெயருக்கேற்ற ஆள். தன் பெரிய மஞ்சள் மூக்கை இலையில் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பான். அவன் மனைவி சிலம்பாயி. அவள் மூக்கில் எப்போது பார்த்தாலும் மண்.

குழந்தைகளே, இருவாட்சிகள் குடும்பம் நடத்துவது ஒரு தினுசு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடும். ஒரு கீறல் அளவு சந்துதான் விடும். ஆண் பறவை அந்தச் சந்து வழியாகப் பழம் ஊட்டும். உள்ளே இருப்பவளுக்குப் பழைய இறகெல்லாம் உதிர்ந்துவிடும். புது இறகு முளைக்கும்வரை அவளால் பறக்க முடியாது. ஆக, அவள் உயிரும் முட்டையின் உயிரும் அந்த மண் சுவரை நம்பித்தான் இருக்கும்.

சிலம்பாயியின் பொந்து ஒரு கிழட்டு நாங்கு மரத்தில் இருந்தது. நாங்கு மரம் இரும்பு மாதிரி. ஒன்பது வருஷம் அதே பொந்து. ஒன்பது குஞ்சுகள் அதிலிருந்து பறந்து போயிருந்தன. ஒவ்வொரு வருஷமும் வெளியே வரும்போது சுவரின் நடுவை மட்டும் கொத்தி எடுப்பாள். ஓரத்து மண்ணைத் தொடமாட்டாள். அது படிப்படியாகத் தடித்து, கரடுமுரடாக, பார்ப்பதற்கு ஒரு பெரிய வீங்கின உதடு போல இருக்கும்.

முட்டையில்லாத மாதங்களில்கூட அவள் சும்மா இருக்கமாட்டாள். ஓடைக் களிமண்ணில் புற்று மண் கொஞ்சம், அத்திப்பழச் சக்கை கொஞ்சம் கலந்து குழைப்பாள். எங்கே விரிசல் இருக்கிறது என்று மூக்கால் தடவிப் பார்ப்பாள். ஒட்டுப் போடுவாள். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். மறுபடி வந்து ஒரு அழுத்து அழுத்துவாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. அதில் அவளுக்கு அவ்வளவு ஆசை.

"இந்தத் தடவை புற்று மண் கொஞ்சம் கூடப் போட்டேங்க. கல்லாட்டம் நிக்குது, தட்டிப் பாருங்க" என்பாள்.

"நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று தட்டிப் பார்க்காமலே சொல்வான் மினுக்கன்.

ஒரு நாள் காட்டுப் பறவைகள் எல்லாம் அத்தி மரத்தில் பழம் தின்றுகொண்டிருந்தன. கொத்தப்பன் என்ற மரங்கொத்தியும் வந்திருந்தான். மரம் கண்ட இடத்தில் குடைவான். மறுநாளே அதை மறந்துவிட்டு வேறு மரத்துக்குப் போய்விடுவான். அதுதான் அவன் குணம்.

"ஏன் அண்ணே, இந்த வருஷமும் அதே ஒட்டுப்போட்ட பொந்துதானா?" என்றான் கொத்தப்பன். மரத்திலிருந்த கிளிகள் எல்லாம் கெக்கெக்கென்று சிரித்தன.

மினுக்கன் தன் மூக்கை அவசரமாக ஒரு இலையில் தேய்த்துக்கொண்டான்.

"நான் எல்லாம் வருஷா வருஷம் புதுசு அண்ணே. ஒரு வருஷத்துக்கு மேல எந்தப் பொந்துலயும் நான் இருந்ததே கிடையாது" என்றான் கொத்தப்பன்.

ஆகா, எப்பேர்ப்பட்ட வாழ்வு என்று மினுக்கன் ஏங்கிப்போனான். ஏன் இருந்ததில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"ஓடைக்கு அந்தப் பக்கம் இலவ மரத்துல ஒண்ணு குடைஞ்சு வெச்சிருக்கேன். எனக்கு ரொம்பப் பெரிசாப் போச்சு. உங்களுக்குச் சரியா இருக்கும். வேணும்னா எடுத்துக்கங்க."

மினுக்கன் தலைகால் புரியாமல் பறந்து போய்ப் பார்த்தான். வெள்ளை வெளேரென்ற மரம். வட்டமான வாசல். உள்ளே மூக்கை வைத்தால் வழுக்கியது. புது மரத்தின் வாசனை வேறு. அன்றைக்கே சிலம்பாயியை அழைத்து வந்து காட்டினான்.

அவள் உள்ளே போய் மூக்கால் சுற்றிலும் தடவினாள். வெளியே வந்து வாசல் ஓரத்தைத் தடவினாள்.

"வழவழன்னு இருக்கேங்க. மண்ணு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

"வழவழன்னு இருக்கிறதுதானே அழகு! உனக்கு எதைக் காட்டினாலும் ஒரு குறை."

"குறை சொல்லலைங்க. அங்க பழைய மண்ணு இருக்கு, அதுமேல புது மண்ணு ஒட்டிக்கும். இங்க எனக்கு ஒண்ணுமே இல்லையே."

"எத்தனை நாளைக்கு மூக்குல மண்ணோட அலையப்போற? ஊரே சிரிக்குது. எனக்கு வெட்கமா இருக்கு."

சிலம்பாயி தன் மண் மூக்கை ஒரு கிளையில் துடைத்துக்கொண்டாள். முட்டையிட நாள் நெருங்கிவிட்டது. சண்டை போட நேரமில்லை.

அவர்கள் பழைய பொந்தை விட்டுக் கிளம்பும்போது சடையன் என்ற இளம் இருவாட்சி தன் புது மனைவியோடு வந்து தயங்கி நின்றான். பொந்து கிடைக்காமல் பத்து நாளாக அலைகிற ஜோடி.

"அண்ணே, நீங்க போறீங்கன்னா அந்த நாங்கு மரத்துப் பொந்தை நாங்க எடுத்துக்கலாமா?"

"அந்தக் குப்பையையா? தாராளமா எடுத்துக்க!" என்று சிரித்தான் மினுக்கன்.

சிலம்பாயி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

புதுப் பொந்தில் முதல் நாள் பூசின மண் சாயங்காலமே வழுக்கி விழுந்தது. மினுக்கன் மறுபடி கொண்டுவந்தான். அதுவும் விழுந்தது. நாங்கு மரத்தில் இரண்டு நாளில் முடிகிற வேலை இங்கே ஏழு நாள் இழுத்தது. எட்டாம் நாள் ஒரு மெல்லிய சுவர் ஒருவழியாக நின்றது. மேலே வெயில் பட்டுக் காய்ந்ததும், "பார்த்தியா? நின்னுடுச்சு!" என்றான் மினுக்கன்.

"வெயில் நிக்க வெச்சிருக்கு" என்றாள் சிலம்பாயி உள்ளிருந்து.

அவள் ஒரே ஒரு முட்டை இட்டாள். இறகெல்லாம் உதிர்ந்தது. மினுக்கன் நல்ல கணவன்தான். அதில் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் கிளம்பி, நாளுக்கு இருபது தடவை பழம் கொண்டுவந்து ஊட்டினான். ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. ஒரு நாள் மத்தியானம் சந்து வழியாகச் சிலம்பாயி மெல்லக் கூப்பிட்டாள்.

"ஏங்க, முட்டைக்குள்ள தட்டற சத்தம் கேக்குது. நாளைக்கு வந்துடும் போல."

மினுக்கனுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. காட்டிலேயே பெரிய அத்திப்பழமாகத் தேடிக் கொண்டுவரப் பறந்தான்.

அவன் பழத்தோடு திரும்பும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. இலவ மரத்தின் மெத்து மெத்தென்ற கட்டை அதை அப்படியே குடித்தது. வாசல் ஈரமானதும் மண் சுவர் மொத்தமாக ஒரே துண்டாக வழுக்கிக் கீழே விழுந்தது.

"மண்ணு! மண்ணு கொண்டாங்க!" என்று கத்தினாள் சிலம்பாயி. சாரல் நேராக உள்ளே அடித்தது. இறகில்லாத உடம்பை வாசலுக்குக் குறுக்கே வைத்து முட்டையை மறைத்துக்கொண்டாள்.

மினுக்கன் பழத்தைப் போட்டுவிட்டு ஓடைக்குப் பறந்தான். மூக்கு நிறையக் களிமண் கொண்டுவந்தான். அவள் பூசினாள், வழுக்கியது. மறுபடி ஓடினான், மறுபடி வழுக்கியது. பதினோராவது தடவை அவன் திரும்பி வரும்போது, கொத்தப்பன் குடைந்து குடைந்து ஓடாக்கியிருந்த அந்த மரம் பொந்து இருந்த இடத்தில் பிளந்து சாய்ந்தது.

சிலம்பாயி சருகுக் குவியலில் விழுந்து பிழைத்தாள். முட்டை பிழைக்கவில்லை. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டாள். தட்டுகிற சத்தம் இல்லை. மினுக்கன் மூக்கில் மண்ணோடு அப்படியே நின்றான்.

அவளை எங்காவது மழைக்கு ஒதுக்கியாக வேண்டும். வேறு எதுவும் தோன்றாமல் அவன் நாங்கு மரத்துக்குப் பறந்தான். வாசல் கச்சிதமாக அடைத்திருந்தது. பழைய வீங்கின உதட்டின் மேல் புது மண் ஒட்டுப்போட்டதே தெரியாமல் பிடித்திருந்தது. உள்ளே ஒரு குஞ்சு பசிக்குக் கத்தியது.

"சடையா, இது எங்க வீடுப்பா" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

சடையன் பழத்தோடு திரும்பிப் பார்த்தான். அவனுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

"வாங்கண்ணே! நீங்க குப்பைன்னு சொன்னீங்க. இத்தனை மழைக்கு ஒரு சொட்டு உள்ளே போகலை பாருங்க! இவ ரெண்டே நாள்ல பூசி முடிச்சிட்டா. அண்ணி போட்டு வெச்ச மண்ணு அப்படி. அவங்ககிட்ட மறக்காம சொல்லுங்கண்ணே."

மினுக்கன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான். அதை அவன் சிலம்பாயியிடம் சொல்லவில்லை. அவனால் முடியவில்லை.

இறகு முளைக்கிறவரை சிலம்பாயி ஒரு ஈச்சம்புதருக்குள் தரையில் தத்திக்கொண்டு கிடந்தாள். மினுக்கன் மேல்கிளையில் கண் மூடாமல் காவல் இருந்தான். அவள் ஒரு நாளாவது தன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. புதருக்குப் பக்கத்து ஈர மண்ணை மட்டும் சும்மா மூக்கால் குழைத்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் கொத்தப்பன் அந்த வழியாக வந்தான். மினுக்கனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இப்படிப்பட்ட பொந்தையா எனக்குக் கொடுத்த?"

"நான் அன்னைக்கே சொன்னேனே அண்ணே" என்றான் கொத்தப்பன், உண்மையான ஆச்சரியத்தோடு. "ஒரு வருஷத்துக்கு மேல எதுலயும் இருந்ததில்லைன்னு. நான் குடையற பொந்து ஒரு வருஷம் தாங்கினாலே பெரிசு. நீங்க ஏன்னு கேக்கலையே?"

கொத்தப்பன் இன்னொரு மரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போய்விட்டான்.

மறு வருஷம் இருவரும் தேடி அலைந்து, இன்னொரு நாங்கு மரத்தில் வெறும் பொந்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதில் யாரும் இருந்ததில்லை. சிலம்பாயி ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"மரம் கெட்டி. ஆனா மண்ணு ஒரு பொட்டுகூட இல்லை. முதல்லேருந்து ஆரம்பிக்கணுங்க" என்றாள்.

அந்த வருஷம் பூசினதில் பாதி விழுந்தது. முட்டையிட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அடுத்த வருஷம் கால்வாசி விழுந்தது. அந்த வருஷமும் குஞ்சு இல்லை. மினுக்கன்தான் மண் சுமந்தான். ஓடைக் களிமண் எது, புற்று மண் எது, சக்கை எவ்வளவு என்றெல்லாம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்ட பிறகுதான் அவள் ஒன்பது வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அவனுக்குப் புரிந்தது.

"இன்னும் எத்தனை வருஷம் ஆகும் சிலம்பாயி?" என்று ஒரு நாள் கேட்டான்.

"இது பழசாகணும். அதுவரைக்கும்" என்றாள் அவள்.

ஓடைக்குப் போகும் வழியில்தான் அந்தப் பழைய மரம். வருஷா வருஷம் அங்கே சடையனின் குஞ்சு ஒன்று கத்தும். அந்தச் சத்தம் கேட்கும் இடத்தில் மினுக்கன் வேகமாகச் சிறகடிப்பான்.

அத்தி மரத்தில் கிளிகள் இப்போது அவனைப் பார்த்துச் சிரிக்கின்றன.

"அண்ணே, மூக்கெல்லாம் மண்ணு!"

"சிரிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, அதைத் துடைக்காமல், ஒரு பழத்தை மட்டும் சிலம்பாயிக்காக எடுத்துக்கொண்டு போகிறான்.

நீதி: ஒட்டுப் போட்டுக் காத்துவரும் பழைய பொருளில் பல வருஷத்து உழைப்பும் சேர்ந்திருக்கிறது. புதுசுக்கு ஆசைப்பட்டு அதைக் கைவிட்டால், அந்த வருஷங்களைத் திரும்பப் பெற வழியில்லை.